பால் பாக்கெட்டை விட எடை குறைந்த குழந்தை பிழைத்தது! குறைப்பிரசவம் ஆனால் நெய்வேலி பெற்றோர் என்ன செய்வது?

நெய்வேலி:-

அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதை விட 100 கிராமுக்கு மேல் எடை குறைந்த ஒரு பெண் குழந்தை பிறந்து, பிழைத்து, வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது!

நடந்தது ராஜஸ்தான் மாநிலம் உதய்ப்பூரில். 2017-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி. தாய்க்கு வயது 48. கலியாணம் ஆகி 35 வருஷம் கழித்து உண்டான கர்ப்பம். ரத்தக்கொதிப்பு எகிறியது. வயிற்றில் இருந்த சிசுவுக்கு ரத்தம் போவது நின்று விட்டது. அவசர ஆபரேஷன். எடுத்த குழந்தையின் எடை 400 கிராம். பாதம் கட்டை விரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு!

ஜீவந்தா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுனில் ஜாங்கட் குழுவினர் 210 நாள் போராடினார்கள். 2018 ஜனவரியில் 2 கிலோ 400 கிராம் எடையுடன் குழந்தை வீடு திரும்பியது. அதே ஆண்டு ஐதராபாத்தில் 25-வது வாரத்தில் பிறந்த 375 கிராம் குழந்தையும் பிழைத்தது.

ஜனாதிபதி மகன்

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்த குழந்தை. ஆனாலும் எடை 2 கிலோ 100 கிராம். உதய்ப்பூர் குழந்தையைப் போல 5 மடங்கு! பணம், பெரிய டாக்டர்கள், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளை 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது.

காரணம் நுரையீரல். அதன் உள்ளே ஒரு வழவழப்பான திரவம் ஊற வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் நுரையீரல் பலூன் மாதிரி சுருங்கி ஒட்டிக் கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு அது ஊறியிருக்காது என்று 1959-ல் கண்டுபிடித்தவர் மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க பெண் டாக்டர். 1980-ல் ஜப்பான் டாக்டர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலில் இருந்து எடுத்த மருந்தைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கதை மாறியது.

"ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். அது தப்பு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக் கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். 28 வாரத்துக்கு முன்னால் பிறப்பதுதான் ரொம்ப ஆபத்து. மூச்சுத்திணறல், கிருமித் தொற்று, மூளையில் ரத்தக்கசிவு என்று வரிசையாக வரும். பிழைக்காமல் போகிற குழந்தைகளும் நிறைய. 2020-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன.

வண்டி ஏறும் முன்பு

நெய்வேலி டவுன்ஷிப்பில் என்.எல்.சி. பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ஆறாம் மாதத்தில் வலி கண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகலாம். கடலூரும் சிதம்பரமும் 40 கிலோ மீட்டருக்குப் பக்கம். புதுவை ஜிப்மர் அதற்கும் மேலே தூரம்.

குழந்தையைப் பெற்ற பிறகு கொண்டு போவதை விட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டு போவது நல்லது. தாயின் வயிற்றை விடச் சிறந்த ஆம்புலன்ஸ் கிடையாது! பிறந்து விட்டால், கண்ணாடிப் பெட்டி வைத்த 108 பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

கிளம்பும் முன்பு டாக்டரிடம் ஒரு கேள்வி: "நுரையீரல் ஊசி போட்டாச்சா?" டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஊசி அது. தாய்க்குப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும். 12 மணி நேர இடைவெளியில் 4 ஊசி. இந்த வகை ஊசிக்குப் பலன் உண்டு என்று 1972-ல் நியூசிலாந்து டாக்டர்கள் நிரூபித்தார்கள். 24 முதல் 34 வாரம் வரை உள்ள கர்ப்பிணிக்கு முன்கூட்டியே வலி வந்தால், முதல் ஊசியை நர்சே போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014-ல் விதிமுறை வகுத்தது.

கண்ணாடிக்கு வெளியே

அப்புறம்தான் பெற்றோர் பாடு. தகப்பன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். உள்ளே ஒயரும் டியூபுமாகப் பிள்ளை. மானிட்டர் 'பீப்' அடித்தால் நெஞ்சு நின்று விடும். இன்றைக்கு 20 கிராம் ஏறியது, நாளைக்கு 10 கிராம் இறங்கியது என்று நாள் போகும்.

தாய்க்கு வேலை இருக்கிறது. 34-வது வாரம் வாக்கில்தான் குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடத் தெரியும். அதுவரை டியூபில்தான் பால். ஒரு மில்லி, இரண்டு மில்லி என்றாலும் தாய்ப்பால்தான் மருந்து. 3 மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் பீய்ச்ச வேண்டும். "பிள்ளையே குடிக்கலையே" என்று விட்டு விட்டால் பால் வற்றிப் போகும். பால் ஊறாதவர்களுக்காக ஜிப்மரில் 'அமுதம்' தாய்ப்பால் வங்கி 2016-ல் தொடங்கப்பட்டது.

அடுத்தது 'கங்காரு' முறை. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில் கண்ணாடிப் பெட்டி போதவில்லை. டாக்டர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் கட்டி வைத்தார். பிழைத்தன! ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சூட்டுக்குக் கரண்டே தேவை இல்லை. டெல்லி சப்தர்ஜங் உள்பட 5 நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி 2021-ல் வெளியானது. ஒரு கிலோ முதல் 1 கிலோ 800 கிராமுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனே மார்பில் போட்டதில், சாவு நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது.

தகப்பனும் சட்டையைக் கழற்றி விட்டு வைத்துக் கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ரூ.1.80 கோடி வழக்கு

பிழைத்து வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. சென்னையில் நடந்த ஒரு சம்பவம் எல்லாப் பெற்றோரும் தெரிந்து கொள்ள வேண்டியது.

1996 ஆகஸ்டு 30-ந் தேதி எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பர் 23-ந் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பரிசோதிக்கும்படி யாரும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துத்தான் குழந்தைக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய் முழுசாக வளர்ந்திருக்காது. ஆக்சிஜன் அதிகமானால் தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்து விடும். நேரத்தில் பார்த்தால் லேசர் வைத்துத் தடுக்கலாம். நேரம் போய் விட்டால் போனதுதான். அமெரிக்கா வரை கொண்டு போயும் பலன் இல்லை.

தந்தை விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் 5 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 ஜூலை 1-ந் தேதி நீதிபதிகள் கேஹர், பாப்டே தீர்ப்புக் கூறினார்கள். இழப்பீடு மொத்தம் சுமார் 1 கோடியே 80 லட்ச ரூபாய்! அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

இப்போது உள்ள கணக்கு இதுதான்: 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் கண் பரிசோதனை. 28 வாரத்துக்கும் முன்பு என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். நெய்வேலியில் இருந்து போகிறவர்களுக்கு ஜிப்மர் உண்டு. கடலூர் தாண்டி தவளக்குப்பத்தில், புதுவை ரோட்டிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.