அருகிவரும் விதைநெல்லை மீட்போம்

கமக்காரர்களே! இன்று நம் வட்டைகளில் பெரும்பாலும் புதிய நெல்லினங்களே விளைகின்றன. இதனால் விளைச்சல் பெருகியது. எனினும் முன்னோர் போற்றிய முருங்கைக்காயன், பச்சைப்பெருமாள் முதலியன அருகிவிட்டன. அழிந்த இனத்தை மீண்டும் ஆக்க எவராலும் இயலாது. 1958ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட எச்-4 இனத்தின் பெற்றோருள் ஒன்று முருங்கைக்காயனே. பழைய வித்து இல்லையேல் புதிய வித்தும் இல்லை என்பதை இதனால் அறியலாம்.

தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில், 'நெல்' ஜெயராமன் என்பார் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். வருவோர்க்கு 2 கிலோ விதை வழங்கி, மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தருமாறு கேட்டார். 2018இல் அவர் மறைவதற்குள் 170க்கு மேற்பட்ட இனங்கள் மீட்கப்பட்டன. விதை பெற்றவரே விதை காப்பவராயினர். இதுவே அம்முறையின் சிறப்பு.

நாமும் இதனைக் கைக்கொள்ளலாம். நெல் பெரும்பாலும் தன் பூந்தாதினாலேயே கருவுறும் பயிர்; ஆதலால் தூய விதையைச் சிறு பாத்தியிலும் பேணலாம்.

1. பெரும்போகத்தில் வயலின் ஒரு மூலையைப் பழைய இனத்துக்கு ஒதுக்குக.
2. கதிர் வந்ததும் உயரம், நிறம் வேறுபட்ட கலவன்களைப் பிடுங்குக.
3. யூரியாவைக் குறைத்திடுக, மிகுந்தால் நெடும்பயிர் சாயும்.
4. நிறைந்த கதிர்களைத் தனியே அறுத்து, நன்கு உலர்த்தி, ஈரம் புகாக் கலத்தில் இட்டு, இனப்பெயர் எழுதி வைக்குக.

உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பழைய வித்து உண்டா என இப்போகத்துக்கு முன்னரே வினவுங்கள். ஒருபிடி கிடைப்பினும் விதைத்து, அயலாரோடு பகிருங்கள்.