கேட்ட பிறகு உதவுங்கள்!



பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வெள்ளைப் பிரம்புடன் நிற்கிறார். அவருக்குக் கண் தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சாலையைக் கடக்க வைப்போம்" என்றுதானே சொல்கிறீர்கள்? நல்ல மனசுதான்! ஆனால், அவர் சாலையைக் கடக்க நிற்கவில்லை, பேருந்துக்காகக் காத்திருக்கிறார் என்றால்? அவரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் சந்தோஷமாகப் போய்விடுவீர்கள். அவருடைய பேருந்தும் போய்விடும்!

அதனால்தான் முதலில் கேட்க வேண்டும். "ஐயா, உதவி ஏதாவது வேண்டுமா?" என்று பக்கத்தில் போய்ச் சொன்னால் போதும். "வேண்டாம் தம்பி" என்று அவர் சொன்னால் வருத்தப்படக் கூடாது. அவருக்குத் தானாகவே போகத் தெரியும் என்றுதான் அதற்குப் பொருள்.

வெள்ளைப் பிரம்பு ஏன் வெள்ளையாக இருக்கிறது தெரியுமா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் இருந்தார். ஒரு விபத்தில் அவருடைய பார்வை போய்விட்டது. வண்டி ஓட்டுபவர்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். இன்று அக்டோபர் 15-ஐ வெள்ளைப் பிரம்பு தினமாகப் பல நாடுகள் கடைப்பிடிக்கின்றன.

இந்தப் பிரம்பை இடமும் வலமுமாகத் தட்டித்தான் பள்ளம் எங்கே, படி எங்கே என்று அவர் தெரிந்துகொள்கிறார். பிரம்பையோ, அதைப் பிடித்திருக்கும் கையையோ திடீரென்று இழுத்தால் அவருக்குத் திசை தப்பிவிடும். கீழே விழவும் நேரலாம்.

சரி, "ஆமாம், உதவி வேண்டும்" என்கிறார். இப்போது எப்படி அழைத்துப் போவது?

* நீங்கள் அவரைப் பிடிக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் குள்ளமாக இருந்தால், தோளில் கை வைத்துக்கொள்ளட்டும்.
* அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் "ஏறணும்", "இறங்கணும்" என்று சொல்லுங்கள்.
* "அதோ, அங்கே" என்றால் அவருக்குப் புரியாது. "உங்கள் வலது பக்கம்" என்று சொல்லுங்கள்.
* "நான் கிளம்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால், யாரும் இல்லாத இடத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார்!
* சாலையைக் கடக்க வேண்டுமானால், சின்னவர்கள் தனியாக முயலாமல் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

நான் பாடம் நடத்திய ஒரு வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் படித்தான். வாசலிலிருந்து தன் பெஞ்சுக்கு எத்தனை அடி என்று எண்ணி வைத்திருப்பான். துணையே இல்லாமல் போய் உட்காருவான். ஒருநாள், பெருக்குவதற்காக நகர்த்திய பெஞ்சை யாரோ நடுவழியிலேயே விட்டுவிட்டார்கள். அவனுக்கு முழங்காலில் நல்ல அடி. எல்லாரும் ஓடிவந்து, "ஐயோ பாவம்!" என்றார்கள். அவனோ, "பாவம்னு சொல்ல வேண்டாம். எதையாவது நகர்த்தினா எங்கிட்ட சொல்லிடுங்க, அது போதும்" என்றான். அன்று முதல் வகுப்புத் தலைவி தினமும் காலையில் அவனிடம் சொல்லிவிடுவாள். நடுவழியில் ஒரு பைகூடக் கிடக்காது!

வெளியிலும் இப்படித்தான். சென்னை மெட்ரோ ரயில் நிலையங்களின் தரையில் மேடு மேடாக மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காகப் பதித்தவை அல்ல அவை! ஜப்பானியரான செய்ச்சி மியாகே உருவாக்கிய இந்த ஓடுகள், 1967-ல் முதன்முதலாக அந்நாட்டின் ஒக்கயாமா நகரில் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் "நடக்கலாம்" என்று பொருள். புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று பொருள். இந்த ஓடுகள் பதித்த பாதையில் சைக்கிளை நிறுத்துவதும், கூடிநின்று பேசுவதும் ஒருவருடைய வழியை அடைப்பதாகும்.

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. இப்படிச் சாதிப்பவர்களுக்கு நம்முடைய இரக்கம் எதற்கு? மரியாதை போதும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதே விதிதான். கேட்காமல் நாற்காலியைத் தள்ளக் கூடாது. அவரிடம் பேச வேண்டியதை உடன் வந்தவரிடம் பேசக் கூடாது.

உதவுவதற்கு முன்னால் ஒரு கேள்வி, அந்தப் பதிலுக்கு ஒரு மரியாதை. இனிமேல் கேட்டுவிட்டு உதவுவீர்கள்தானே?