பாலிமர்கள்: நீண்ட சங்கிலிகளின் இரசாயனம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கும் சாலைக் கடைத்தெருவில் ஒரு முறை நடந்து வருபவர், தாம் அறியாமலேயே இரசாயன நூலின் ஓர் அத்தியாயம் முழுவதையும் கண்டுவிடுகிறார். தேங்காய் நார்க் கயிறு, பருத்தி வேட்டி, பட்டுப் புடவை, அரிசி மூட்டை, ரப்பர் செருப்பு, நைலான் கயிறு, பாலிதீன் பை, தண்ணீர்க் குழாய், மின்சார விசையின் கறுப்பு மூடி ஆகியவை ஒன்றுக்கொன்று சற்றும் தொடர்பில்லாத பொருள்கள் போலத் தோன்றும். ஆயினும் இவையனைத்தின் அமைப்பிலும் ஒரே தத்துவம் அடங்கியுள்ளது. இவை யாவும் பாலிமர்கள் என்னும் பெரிய மூலக்கூறுகளால் ஆனவை.

பாலிமர் என்பது யாது?

ஒரு சங்கிலி பல வளையங்கள் கோக்கப்பட்டு உருவாவது போல, ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட தொடராக அமையும்போது அத்தொடர் பாலிமர் எனப்படும். தனித்தனி வளையங்களாக உள்ள சிறு மூலக்கூறுகள் மானோமர்கள் எனப்படும். இக்கருத்தை 1920ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஸ்டௌடிங்கர் வெளியிட்டபோது இரசாயன அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ரப்பர் முதலியவை சிறு மூலக்கூறுகளின் வெறும் திரட்சியே என அவர்கள் கருதினர். பின்னர் வந்த சோதனைகள் ஸ்டௌடிங்கரின் கொள்கையை உறுதிப்படுத்தின. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மானோமர்கள் இருவழிகளில் இணைகின்றன. முதலாவது, கூட்டல் முறை. எத்திலீன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டுள்ளன. அவற்றுள் ஒரு பிணைப்பு திறந்துகொள்ள, ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்ததன் கையைப் பற்றிக்கொள்கிறது. இங்ஙனம் கிடைப்பதே பாலிதீன். இரண்டாவது, குறுக்க முறை. இதில் இருவகை மூலக்கூறுகள் சேரும்போது நீர் போன்ற ஒரு சிறு பொருள் வெளியேறுகிறது. அமெரிக்காவில் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான் இம்முறையில் கிடைப்பதாகும்.

இயற்கையும் செயற்கையும்

பருத்தியிலுள்ள செல்லுலோஸ், அரிசியிலுள்ள மாச்சத்து, பட்டிலுள்ள புரதம் ஆகியவை இயற்கைப் பாலிமர்கள். செல்லுலோஸும் மாச்சத்தும் குளுக்கோஸ் என்னும் ஒரே மானோமரால் ஆனவை என்பது வியப்புக்குரியது. வளையங்கள் இணையும் விதம் மட்டுமே வேறு. அதனால் ஒன்று உணவாகிறது, மற்றொன்று உடையாகிறது. தேங்காய் நாரில் செல்லுலோஸுடன் லிக்னின் என்னும் மற்றொரு பாலிமர் மிகுதியாக உள்ளது. அதனாலேயே அந்நார் உவர்நீரிலும் எளிதில் அழுகுவதில்லை.

செயற்கைப் பாலிமர்களை அவை வெப்பத்தில் நடந்துகொள்ளும் முறையைக் கொண்டு இருவகையாகப் பிரிப்பர். பாலிதீன், பி.வி.சி., நைலான் போன்றவற்றில் சங்கிலிகள் தனித்தனியாக உள்ளன. சூடேற்றினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுகுவதால் பொருள் இளகும். குளிர்ந்தால் மீண்டும் இறுகும். மெழுகைப் போல இவற்றைப் பலமுறை உருக்கி வார்க்கலாம். இவை வெப்பத்தால் இளகும் வகை.

பேக்கலைட் இதற்கு மாறானது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்து உண்டாகும் இப்பொருளை 1907இல் லியோ பேக்லண்டு கண்டறிந்தார். இதில் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி, முழுப் பொருளும் ஒரே வலையாகிவிடுகிறது. வேகவைத்த முட்டை மீண்டும் நீர்ம நிலையை அடையாதது போல, இதனையும் மீண்டும் உருக்க இயலாது. மின்சார விசைகளுக்கும் சமையற்கலங்களின் பிடிகளுக்கும் இது உகந்ததாயிருப்பதன் காரணம் இதுவே.

திருவாங்கூரின் ரப்பர்

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இயல்புடையது ரப்பர். பிரேசில் நாட்டு மரமாகிய ஹீவியா, 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்னுமிடத்தில் வாணிக முறையில் பயிரிடப்பட்டது. இன்று நம் நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியைக் கேரளமே தருகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ரப்பர் வாரியம் கோட்டயத்திலிருந்து இயங்குகிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் 1955இல் நிறுவப்பெற்றது.

மரத்தின் பட்டையைச் சீவும்போது வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர் உள்ளது. நீர்த்த பார்மிக் அமிலம் சேர்த்தால் பால் உறைகிறது. அதனைத் தகடாக்கி உலர்த்துகின்றனர். இக்கச்சா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே முடிச்சுப் போடுகின்றன. இழுக்கும்போது சுருண்ட சங்கிலிகள் நிமிர்கின்றன. விட்டவுடன் முடிச்சுகள் அவற்றைப் பழைய நிலைக்கு மீட்கின்றன. 100 பங்கு ரப்பருக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம் சேர்த்தால் நெகிழ்ச்சியுள்ள ரப்பர் கிடைக்கும். ஏறத்தாழ 30 பங்கோ அதற்கு மேலோ சேர்த்தால் கொம்பு போன்ற கடினமான எபனைட் கிடைக்கும். முடிச்சுகளின் எண்ணிக்கையே குணத்தை நிர்ணயிக்கிறது.

கிழக்கேகோட்டைக்கு வடக்கே பேரூர்க்கடையில், 1966இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் லேடக்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை 1969இல் உற்பத்தியை ஆரம்பித்தது. குடும்பநலத் திட்டத்திற்குத் தேவையான உறைகள் அங்கே ரப்பர்ப் பாலிலிருந்து நேரடியாகச் செய்யப்பட்டன.

மருத்துவத்திலும் விண்வெளியிலும்

இதே நகரில் பாலிமர்கள் இதனினும் நுண்ணிய பணிகளுக்கும் பயன்படுகின்றன. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாய்க்கு ஏற்றது. அதனுடன் இளக்கிப் பொருள் சேர்த்தால் சங்கிலிகள் விலகி, மென்மையான படலமாகிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையத்தார் இத்தகைய படலத்தைக் கொண்டு இரத்தம் சேகரிக்கும் பையை 1980களில் உருவாக்கினர். கண்ணாடிப் புட்டிகள் உடையும் அபாயமும், பைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தேவையும் இதனால் குறைந்தன. 1990இல் அந்நிலையத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இருதய வால்வின் அசையும் தட்டு, மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பாலிதீனால் ஆனது. கடையில் கிடைக்கும் மெல்லிய பையும், ஆண்டுதோறும் கோடிக்கணக்கான முறை திறந்து மூடும் இத்தட்டும் ஒரே இரசாயனப் பொருளே. சங்கிலியின் நீளம்தான் வேறு.

தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலோ பாலிமர் எரிபொருளாகவே விளங்குகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் ஒன்றாகப் பிணைத்து நிற்பது செயற்கை ரப்பர் வகையொன்றாகும். அது பிணைப்பதோடு நில்லாமல் தானும் எரிந்து உந்துவிசை தருகிறது.

குணமே குற்றமாகும்போது

பாலிதீனின் முதுகெலும்பு கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த தொடர். நீரும் அமிலமும் அதனை எளிதில் தாக்குவதில்லை. வாழையிலையை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களிடம் அத்தொடரை விரைவில் அறுக்கவல்ல என்சைம்கள் இல்லை. இருதய வால்வில் உயிர் காக்கும் இக்குணமே, தெருவில் எறியப்பட்ட பையில் தீங்காகிறது.

இதன் விளைவைத் தாழ்ந்த நிலப்பகுதியான கிழக்கேகோட்டையும் தம்பானூரும் நன்கு அறியும். மழைக்காலத்தில் அங்கே நீர் தேங்குவதைத் தவிர்க்க 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் பெயரில் வடிகால்கள் சீர்செய்யப்பட்டன. ஆயினும் 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் ஓடையில் பிளாஸ்டிக் முதலிய குப்பைகளை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தேடிச் சுரங்கப் பகுதிக்குள் இறங்கியவர்களைக் குவிந்து கிடந்த கழிவே தடுத்தது. இரண்டு நாள் கழித்து அவருடைய உடல் கிடைத்தது.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குக் கேரள அரசு 2020 ஜனவரி 1 முதலும், அவற்றுள் குறிப்பிட்ட சிலவற்றுக்கு மத்திய அரசு 2022 ஜூலை 1 முதலும் தடை விதித்தன. சட்டத்துடன் பொதுமக்களின் இரசாயன அறிவும் சேரவேண்டும். பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர்ப் புட்டியின் பாலியெஸ்டருக்கு 1, தடித்த பாலிதீனுக்கு 2, பி.வி.சி.க்கு 3, மெல்லிய பாலிதீனுக்கு 4 என்பன அவ்வெண்கள். வெப்பத்தால் இளகும் வகைகளை இனவாரியாகப் பிரித்தால் மீண்டும் உருக்கி வார்க்கலாம். ஒன்றாகக் கலந்துவிட்டால் அவை தரமற்ற பொருளையே தரும். பி.வி.சி.யைத் தெருவில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் வெளிப்படும்; ஆகவே எரிப்பது பரிகாரமன்று.

சங்கிலியை ஆக்கும் வித்தையை விஞ்ஞானம் ஒரு நூற்றாண்டில் கற்றுத் தந்துள்ளது. கடையில் வாங்கும் பையை ஓடையில் சேராமல் காப்பது வாங்குவோர் ஒவ்வொருவரின் கையில் உள்ளது. அதனைச் செய்யின், ஓடையை வாரும் பணிக்கு மற்றொருவர் இருட்டுக்குள் இறங்க வேண்டிய அவசியம் நேராது.