சியாட்டிலில் நிற்கும் கான்கார்ட்

ஒலியைவிட விரைந்து பறப்பதால் மீயொலி விமானம் எனப்படும் வகையில், நெடுங்காலம் பயணிகளைச் சுமந்தது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய கான்கார்ட் ஒன்றே. கட்டப்பட்டவை மொத்தம் 20. அவற்றுள் 18 இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 2003 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்து பிரிட்டிஷ் ஏர்வேஸின் கான்கார்ட் சேவையை நிறைவுசெய்த விமானம், அடுத்த மாதமே அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள விமான அருங்காட்சியகத்தை வந்தடைந்தது.

அங்கே பார்வையாளர் காண்பது, குளிர்ந்து சுருங்கிய நிலையிலுள்ள கான்கார்டையே. ஒலியின் வேகத்தை அலகாகக் கொண்டு வேகத்தைக் குறிக்கும் மாக் எண் 2ஐ எட்டி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரத்தில் அது பறக்கையில், வெளிக்காற்று உறைநிலைக்கு 50 பாகைக்கும் கீழே குளிர்ந்திருந்தபோதிலும், எதிர்ப்பட்ட காற்று விலக நேரமின்றி நெருக்குண்டு சூடானதால், மூக்கின் நுனி 127 பாகை செல்சியஸ் வரை கொதித்தது. உலோகம் விரிய, விமானமே 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டது. விமானி அறையில், எஞ்சின்களையும் எரிபொருளையும் கவனிக்கும் பறப்புப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் அருகிலுள்ள தடுப்புக்கும் நடுவே, தரையில் இல்லாத இடைவெளி ஒன்று அப்போது திறந்துகொள்ளும். சியாட்டிலுக்கு வந்த கடைசிப் பறப்பில் பொறியாளர் ஒருவர் தம் தொப்பியை அதில் செருகிவிட, விமானம் குளிர்ந்ததும் தொப்பி இறுகச் சிக்கிக்கொண்டது. வெப்ப விரிவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சிப்பொருள் அரிது.

அந்த 127 பாகையே கான்கார்டின் வேகத்துக்கு எல்லை வகுத்தது. அதற்கு மேல் சூடேறினால் அதன் உடலாக அமைந்த அலுமினியக் கலப்புலோகம் நாளடைவில் வலுவிழக்கும்; கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் டைட்டானியமோ விலை மிகுந்தது, வளைப்பதற்கும் அறுப்பதற்கும் கடினமானது. அக்காலத்தில் சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த போயிங் நிறுவனம் மாக் 2.7ஐக் குறிவைத்து டைட்டானியத்தால் வடிவமைத்த 2707 விமானத்துக்கு, அமெரிக்க நாடாளுமன்றம் 1971இல் நிதியை நிறுத்தியதால், ஒன்றுகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. பழகிய உலோகம் தாங்கும் வேகமே போதும் என்று கான்கார்டின் பொறியாளர்கள் நின்றது, அவர்களது துணிச்சலைக் காட்டிலும் போற்றத்தக்க முடிவு.

வெப்பம் கான்கார்டுக்குக் காவலாகவும் இருந்தது. உட்புறம் தங்கிய ஈரம் ஒவ்வொரு மீயொலிப் பறப்பிலும் உலர்ந்துவிட்டதால் உலோக அரிப்பு குறைவாகவே நேர்ந்தது. பறப்பு நின்றதும் அந்தக் காவலும் நின்றுபோனமையால், மழை மிகுந்த சியாட்டிலில் ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற கான்கார்டுக்கு 2016இல் கூரையிட்ட கூடம் அமைந்தது, அருங்காட்சியகம் செய்த மிக இன்றியமையாத பணியாகும்.