காண்டன் நகருக்குப் போகிறீர்களா?

விமானம் இறங்கியாயிற்று. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியாயிற்று. பெட்டியும் வந்து சேர்ந்துவிட்டது. வெளியே வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பிரயாணி ஒரு காரில் ஏறி உட்கார்ந்து, ஓட்டலின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறார். டிரைவர் சிரிக்கிறார். பிரயாணி மறுபடியும் சொல்கிறார். டிரைவர் மறுபடியும் சிரிக்கிறார்!

நம் பெரியவர்கள் காண்டன் என்று சொன்ன குவாங்சோ நகரில் முதன்முறையாக இறங்குகிற பலருக்கும் இதுதான் முதல் அனுபவம். ஓட்டலின் ஆங்கிலப் பெயர் வேறு, சீனப் பெயர் வேறு. டிரைவருக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டுமே. ஆகவே, ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, ஓட்டலின் பெயரையும் விலாசத்தையும் சீன எழுத்தில் ஒரு காகிதத்தில் பெரிதாக அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்பேசியில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சார்ஜ் தீர்ந்துபோன செல்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. காகிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம்.

தென் சீனாவில், முத்து ஆற்றின் கரையில் இருக்கிறது குவாங்சோ. குவாங்டாங் மாகாணத்தின் தலைநகர். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதன் ஜனத்தொகை 1 கோடியே 86 லட்சம். 1957 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை இங்கே நடக்கும் ‘காண்டன் சந்தை’க்கு உலகெங்குமிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் போவதும் இதற்காகத்தான். 2020-ல் நின்றுபோன இந்தியா–சீனா நேர் விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட முதல் விமானம் போனதே குவாங்சோவுக்குத்தான்.

சந்தை நடப்பது ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரையிலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரையிலும். மூன்று கட்டங்களாக, கட்டத்துக்கு ஒரு வகைச் சரக்கு. பொம்மை வாங்கப் போகிறவர் இயந்திரக் கட்டத்தில் போய் இறங்கினால் பிரயாணச் செலவு தண்டம். வெறுமனே ஊர் பார்க்கப் போகிறவர்கள் இந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஓட்டல் வாடகை கண்டபடி ஏறிவிடும். அக்டோபர் முதல் வாரமும் ஆகாது. அப்போது சீனர்களுக்குத் தேசிய விடுமுறை. நாடே ரெயிலில் இருக்கும்.

நோட்டு மாறும் ஜாலம்

குவாங்சோவில் காய்கறிக்காரி கூடப் பணத்தைச் செல்பேசியில்தான் வாங்குகிறாள். அலிபே, வீசாட் என்று இரண்டு. 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டைகளையும் இவற்றில் சேர்க்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் நூற்றுக்கு மூன்று. இரண்டையுமே ஊரில் இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும். அங்கே போய்ச் செய்தால், வங்கி அனுப்பும் ரகசிய எண் வந்து சேராமல் தவிக்க நேரும். அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த வங்கியிடம் அனுமதி வாங்கவும் மறக்கக் கூடாது. நம் ஊர் யு.பி.ஐ.யை நம்பிப் போக வேண்டாம்.

ரொக்கமும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஆனால் உஷார்! பழைய தந்திரம் ஒன்று உண்டு. பிரயாணி டாக்சிக்கு 100 யுவான் நோட்டைக் கொடுப்பார். டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது சரியில்லை, வேறு கொடுங்கள்’ என்பதுபோல் தலையசைத்துத் திருப்பிக் கொடுப்பார். பிரயாணி வேறு நோட்டை நீட்டுவார். அதுவும் சரியில்லை! மூன்றாவது நோட்டுதான் தேறும். இறங்கிக் கடைக்குப் போன பிறகுதான் விஷயம் புரியும். திரும்பி வந்த இரண்டும் கள்ள நோட்டுகள். பிரயாணி கொடுத்த நல்ல நோட்டுகள் டிரைவரின் பையில். புகார் செய்வதற்குக் காரின் நம்பர் கூடத் தெரியாது.

எல்லா டிரைவர்களும் இப்படி அல்ல. மீட்டர்படி வாங்கிக்கொண்டு சில்லறையை எண்ணிக் கொடுப்பவர்களே அதிகம். என்றாலும், டாக்சிக்கென்று 10, 20 யுவான் நோட்டுகளைத் தனியே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெரிய நோட்டுக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அதன் கடைசி மூன்று எண்களைக் கண்ணெதிரே உரக்கப் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பாஷை புரியாவிட்டாலும் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். டீடி என்ற வாடகைக் கார்ச் செயலியில் வண்டி பிடித்தால் நோட்டுக்கே வேலையில்லை. போகுமிடமும் வண்டியின் நம்பரும் அதிலேயே பதிவாகிவிடும்.

போலீஸ் பதிவு

ஓட்டலில் தங்குபவர்களுக்குக் கவலை இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி ஓட்டல்காரர்களே போலீசுக்குத் தகவல் கொடுத்துவிடுவார்கள். நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரப் போலீஸ் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். ‘இரண்டு நாள்தானே’ என்று இருந்துவிட்டு, பிறகு எச்சரிக்கையோ அபராதமோ வாங்குவானேன்? பாஸ்போர்ட்டை எப்போதும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். ரெயிலில் போவதற்கும் அதுவே டிக்கெட்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே உள்ளூர் இணைப்பில் வராது. ஊரிலிருந்தே ரோமிங் வசதியோடு சிம் கொண்டு போனால் பெரும்பாலும் வரும். வீட்டில் காத்திருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு ராத்திரி செய்தி வராததற்கே வீடு அல்லோலகல்லோலப்படும்! கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

இட்லி போல இருக்கும்... ஆனால்?

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் திண்டாடுகிறார்கள். காண்டன் மக்களுக்குக் காலைத் தேநீர் ஒரு சடங்கு. ‘யும் சா’ என்பார்கள். பெரியவர்கள் காலையிலேயே தேநீர்க் கடைக்கு வந்து பத்திரிகையை விரித்துவிடுவார்கள். சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கப் பலகாரங்கள் வரும். வெள்ளை வெளேரென்று, உப்பலாக, இட்லிக்குத் தம்பி போல ஒன்று இருக்கும். ஆசையாகப் பிட்டால் உள்ளே இனிப்பான பன்றி இறைச்சி! முள்ளங்கிப் பலகாரம் என்று ஒன்று. பெயரில்தான் முள்ளங்கி, உள்ளே உலர்ந்த இறால். கீரை வதக்கலிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். ‘இறைச்சி இல்லை’ என்று பரிமாறுபவர் சொல்வது பொய்யல்ல. அவர் கணக்கில் சாறு இறைச்சியில் சேராது.

சைவர்களுக்கு வழி உண்டு. ‘இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, இறைச்சிக் கொழுப்பு எதுவும் வேண்டாம்’ என்று சீன எழுத்தில் எழுதி வாங்கி, ஓட்டல் விலாசக் காகிதத்தின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம். பௌத்தர்களுக்கான சைவச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. ‘சு’ என்ற எழுத்து அதன் அடையாளம். வெளிநாட்டு வியாபாரிகள் நடமாடும் சியாவோபெய் பகுதியில் ஹலால் உணவு கிடைக்கும்.

தேநீர் மேஜையில் ஒரு மரியாதை உண்டு. யாராவது கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரல்களால் மேஜையை மெல்லத் தட்ட வேண்டும். அதுவே நன்றி. இதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். மாறுவேடத்தில் போன கியான்லுங் சக்கரவர்த்தி தன் சேவகனுக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடுமே என்று சேவகன் விரல்களை மடக்கி மேஜையில் மண்டியிட வைத்தானாம்! மறுபடி வெந்நீர் வேண்டுமானால் கூப்பிட வேண்டியதில்லை. கூஜாவின் மூடியைச் சாய்த்து வைத்தால் வந்து ஊற்றுவார்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்கக் கூடாது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

ஊர் சுற்ற மெட்ரோ ரெயில் மலிவு, சுத்தம். குறைந்த கட்டணம் 2 யுவான். ஒவ்வொரு நிலையத்திலும் பையைச் சோதிப்பார்கள். கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். குழப்பம் வருவது பெரிய ரெயில் நிலையங்களில். குவாங்சோ, குவாங்சோ கிழக்கு, குவாங்சோ தெற்கு, பையுன் என்று பல உண்டு. ஹாங்காங் போகும் அதிவேக ரெயிலுக்குத் தெற்கு நிலையத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ‘குவாங்சோ நிலையம்’ என்று மட்டும் டிரைவரிடம் சொன்னால் ரெயில் போய்விடும். தெற்கு நிலையம் ஊருக்கு வெகு வெளியே. வாகனங்கள் வலது பக்கம் ஓடுவதால், சாலையைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். சத்தமே போடாத மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதையிலும் வரும்.

பார்ப்பதற்கு 600 மீட்டர் உயரக் காண்டன் கோபுரம் இருக்கிறது. 1894-ல் கட்டி முடித்த சென் குல மண்டபத்தின் கூரைச் சிற்பங்களுக்கு அரை நாள் ஒதுக்கலாம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் குடியிருந்த ஷாமியன் தீவில் மாலையில் நடப்பது சுகம். தமிழர்கள் தவற விடக் கூடாதது ஹுவாலின் கோவில். தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே வந்த போதிதர்மர் சீன மண்ணில் முதலில் கால் வைத்த இடம் இதுவே என்பது ஐதீகம். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உள்ளே 500 அருகர்களின் சிலைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

போக ஏற்ற காலம் நவம்பர், டிசம்பர். கோடையில் சென்னையைப் போலவே புழுக்கம், கூடவே புயல். மார்ச்சில் சுவர்களே வியர்த்துக் கொட்டும். துவைத்த துணி காயாது.

சீனாவுக்குள்ளேயே வேறு ஊருக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கில் ‘3சி’ என்ற சீன முத்திரை இல்லாவிட்டால், 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானத்தில் அனுமதி இல்லை. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 120, தீயணைப்புக்கு 119. இந்த மூன்று எண்களையும் அதே காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். அதில் இன்னும் இடம் இருக்கும்.