ஊர் வளரட்டும், கோபுரமும் தெரியட்டும்

எந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "முன்னைக்கு இப்போ ஊரு எவ்வளவோ வளர்ந்துடுச்சு" என்று ஒருவர் சொல்வார். அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், "வளர்ந்து என்ன புண்ணியம், பழைய அழகு போச்சே" என்று பெருமூச்சு விடுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒன்று வந்தால் இன்னொன்று போய்த்தான் ஆக வேண்டுமா? இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், நண்பர்களே! பள்ளிக்கூடத்தில் படித்த வடிவொத்த முக்கோணம் ஒன்று போதும்.

நான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து செராமிக் டிப்ளமோ படிக்கிறவள். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். எனவே கட்டடம் என்பது எங்களுக்கு அண்ணாந்து பார்த்து ரசிக்கிற பொருள் அல்ல. எங்கேயோ ஒரு மாடி ஏறினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். "மாடி கட்டாதே, அழகு கெடுகிறது" என்று சொல்வது மற்றவர்களுக்குச் சுலபம். எனக்கு அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதுரையில் ஓர் அளவு

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் மதுரை. மீனாட்சியம்மன் கோயில் நடுவில் இருக்க, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தமிழ் மாதப் பெயர்களோடு வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்திருக்கின்றன. அதற்கும் வெளியே இருப்பவை வெளி வீதிகள். அங்கே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில், பிளாக்பர்ன் என்பவர் கலெக்டராக இருந்தபோது, கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, புதுத் தெருக்கள் போட்டார்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரில்தான் இன்றும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ஒரு மேஸ்திரியின் பேரில் தெரு இருக்கிறது என்று படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன், அவரும் சிரித்துக்கொண்டார்.

ஆக, மதுரையின் நடு ஊர் மாறாமலே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கடைகள் பெருகின, லாட்ஜுகள் வந்தன, ஜவுளிக்கடைகள் மாடி மேல் மாடியாக எழுந்தன. அப்போதுதான் ஓர் அளவு வைக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டு அரசாணைப்படி, கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய 30 அடி. கோயிலின் உயரமான தெற்குக் கோபுரமோ சுமார் 170 அடி, அதாவது 52 மீட்டர். இந்த அளவை மீறிய கட்டடங்கள் பற்றி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆகவே எல்லோரும் மனமுவந்து ஏற்றுக்கொண்ட விதி என்று இதைச் சொல்ல முடியாது.

முக்கோணம் சொல்வது என்ன?

52 மீட்டர் கோபுரத்தை 9 மீட்டர் கட்டடம் எப்படி மறைக்கும் என்று கேட்கலாம். நன்றாக மறைக்கும்! கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கையை நீட்டினால் சூரியனே மறைந்துபோகிறதே, அதே கதைதான்.

தரை சமமாக இருக்கிறது, நம் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் நிற்கிறோம். எதிர்ச்சாரிக் கட்டடம் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, உயரம் 9 மீட்டர். கண் மட்டத்துக்கு மேலே அது 7.5 மீட்டர். 7.5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.75. கோபுரம் கண் மட்டத்துக்கு மேலே 50.5 மீட்டர். 50.5-ஐ 0.75-ஆல் வகுத்தால் சுமார் 67. அதாவது, கோபுரம் 67 மீட்டருக்குள் இருந்தால்தான் அதன் உச்சியாவது அந்தக் கட்டடத்துக்கு மேலே தெரியும். அதற்கு அப்பால் நின்றால் கலசம்கூடத் தெரியாது. எதிர்க்கட்டடம் 18 மீட்டர் என்றால் இந்தத் தூரம் சுமார் 30 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது தெருவுக்குப் பதிலாக ஒரு திறந்த வெளி இருக்கட்டும். ஒரு குளமோ, மைதானமோ, ஆறோ. இந்தக் கரையில் நாம் நிற்கிறோம். 100 மீட்டர் தள்ளி எதிர்க்கரையில் 9 மீட்டர் கட்டடம். அதே கணக்கைப் போட்டால், 673 மீட்டர் தூரத்தில் இருக்கும் கோபுரமும் தெரியும்! எதிர்க்கரைக் கட்டடம் 18 மீட்டரானால் 306 மீட்டர் வரைதான் தெரியும். 27 மீட்டரானால் 198 மீட்டர்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. ஒன்று, உயரத்துக்கு அளவு வைப்பது பலன் தருகிறது. இரண்டாவது, அதைவிட அதிகமான பலனை நமக்கும் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கும் காலி இடம் தருகிறது. குறுகலான தெருவில் 9 மீட்டர் விதி இருந்தும் கோபுரம் 67 மீட்டரோடு சரி. கோபுரத்துக்கு நேராகப் போகும் தெருவில் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். ஏனென்றால் அங்கே அந்தத் தெருவே காலி இடமாகிவிடுகிறது.

சூளை அடுக்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. சாமான்களை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அடுக்கினால் தீ சுற்றாது. நடுவில் இருப்பது வேகாது, கிளேஸ் பூசியவை ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை சூளையைப் பார்க்கிறவர், "இவ்வளவு இடத்தை வீணாக விட்டிருக்கிறீர்களே" என்பார். அந்த இடம்தான் சாமானை வேகவைக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஊருக்கு நடுவில் விட்ட இடமும் அப்படித்தான் வேலை செய்கிறது. காற்று வர, கூட்டம் நிற்க, மழைத்தண்ணீர் வடிய, தீப்பிடித்தால் ஆட்கள் ஓட. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகள் இருந்த பகுதியில் தீப்பிடித்து மண்டபம் சேதமடைந்தது நினைவிருக்கலாம். நெருக்கத்தின் ஆபத்தை அன்று எல்லோரும் பார்த்தோம்.

பெயரில் மட்டும் மிஞ்சிய ஏரி

காலி இடத்தை நிரப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை உதாரணம். இன்று தியாகராய நகர் இருக்கும் பக்கத்தில் முன்பு நீளமான பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அந்த ஏரியை வடித்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பகுதியில்தான் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று ஓர் இடம், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. ஏரியைப் பார்க்கும் தெரு என்று பெயர், பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை! பெருமழை பெய்தால் மட்டும் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வருகிறது.

தி.நகரால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடும் பிழைப்பும் கிடைத்தன என்பதும் உண்மை. அந்தக் கடைகளில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். ஆனால் கட்டடத்தை இடித்துத் திருப்பிக் கட்டலாம், ஏரியைத் திருப்பி வெட்ட முடிவதில்லை. முடிவு எடுக்கும்போது இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும்.

சுமை யார் தலையில்?

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றதெல்லாம் சரிதான் பாப்பா. அஞ்சு மாடி ஏறினா எனக்கு ஒரு வருஷம் வேலை. மூணோட நிறுத்தினா மீதி நாளைக்குக் கூலி யாரு குடுப்பா?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிற எந்தக் கட்டுரையும் அரைகுறைதான். அதனால் இதற்கும் கணக்குப் போட்டேன்.

1 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். கோயில் மதிலிலிருந்து அளந்தால் 4-க்குச் சற்று மேலே வரும். 2011-ல் விரிவாக்கப்பட்ட மதுரை மாநகராட்சியின் பரப்பு சுமார் 148 சதுர கிலோமீட்டர். எப்படிப் பார்த்தாலும் விதி கட்டுப்படுத்தும் இடம் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டாது. மற்ற தொண்ணூற்றேழு பங்கில் கட்டடம் உயரலாம், சாரம் கட்டலாம், கூலியும் உண்டு. அந்த மூன்று பங்குக்குள்ளும் 9 மீட்டருக்குத் தரைத்தளமும் இரண்டு மாடியும் கட்டலாம். ஒரு குடும்பம் இருக்க அது போதும்.

ஆனாலும் அங்கே நிலம் வைத்திருப்பவருக்கு நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரின் அழகு எல்லோருக்கும், அதன் விலை சிலருக்கு மட்டும் என்றால் விதியை மீறத்தான் தோன்றும். வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் சில வழிகள் கிடைக்கின்றன. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1910-ல் ஒரு சட்டம் வந்தது. தெருவின் அகலத்தோடு 20 அடி கூட்டினால் வருவதே அந்தத் தெருக் கட்டடத்தின் உயரம், அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அகலமான தெருவில் உயரக் கட்டலாம், சந்தில் கட்ட முடியாது. நம் முக்கோணம் சொன்னதும் இதைத்தானே! லண்டனில் புனித பவுல் பேராலயம் மறையாமல் இருக்க 1930-களிலிருந்தே ஏற்பாடு உண்டு. சில முக்கியமான இடங்களிலிருந்து பேராலயம் தெரியும் பார்வைக்கோடுகளைப் பாதுகாக்கிறார்கள். அந்தக் கோட்டில் வரும் கட்டடங்களுக்கே அந்தக் கட்டுப்பாடு. முழு வட்டத்தையும் கட்டிப்போடுவதைவிட இதில் சுமை குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் விருத்தாசலத்தில்

விருத்தாசலம் என்றால் பழமலை. பெயரில்தான் மலை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மலை என்று பார்த்தால் விருத்தகிரீஸ்வரர் கோயில் கோபுரங்கள்தான். "காசிக்கு வீசம் அதிகம்" என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. ரயில்வே ஜங்ஷன், பாலக்கரை நெரிசல், செராமிக் தொழிற்பேட்டை, முந்திரி வியாபாரம் என்று ஊர் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடைவீதியில் மாடிகளும் ஏறுகின்றன. ஏறட்டும்.

நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய காலி இடம் மணிமுக்தாறு. கோயில் ஆற்றங்கரையில் இருப்பதால்தான் கோபுரம் நமக்கு இவ்வளவு தாராளமாகத் தெரிகிறது. மாசி மகத்துக்கு வரும் ஜனங்களை இந்த ஆறுதான் தாங்குகிறது. இதே ஆறு கூடலையாற்றூரில், எங்கள் ஊர்ப் பக்கமாக ஓடிவரும் வெள்ளாற்றோடு சேருகிறது. ஆனால் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் குப்பையும் சீமைக்கருவேலமும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. கோபுரத்தைப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் அது என்ன காட்சி?

அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஆற்றிலேயே இருக்கிறது. படித்துறை கட்டலாம், நடைபாதை போடலாம், பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்க்கலாம். அத்தனையும் கொத்தனாரும் சித்தாளும் செய்கிற வேலை. படித்துறைக்கும் நடைபாதைக்கும் வழவழ டைல்ஸ் போட்டால் முதல் மழையிலேயே ஆள் வழுக்கி விழுவார். கிளேஸ் பூசாத சொரசொரப்பான ஓடு வேண்டும். அதைச் செய்யத்தானே நாம் படிக்கிறோம்! மீதிப் பாதிப் பதில், கூலி குறையாமல் அந்த வேலைகளை உள்ளூர் ஆட்களுக்கே கொடுப்பதில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்தால் அப்பா போன்றவர்களும் கோபுரத்தின் பக்கம் நிற்பார்கள்.

மாணவர்களாகிய நம்மால் உடனே ஆகக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. ஒரு பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, கொஞ்சம் நூல், நூல் நுனியில் கட்ட ஒரு நட்டு. இவ்வளவு இருந்தால் கோபுரமும் கட்டடங்களும் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகின்றன என்று அளந்துவிடலாம். ஆற்றுப்பாலம், ஆற்றங்கரை, கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகள் ஆகிய இடங்களில் நின்று அளப்போம். எந்தக் கோட்டில் கட்டடம் எவ்வளவு உயர்ந்தால் கோபுரம் மறையும் என்று ஒரு வரைபடம் போட்டு, நகராட்சியில் மனுவாகக் கொடுப்போம். மறைந்த பிறகு வருத்தப்பட்டுப் பேசுவதைவிட, மறைவதற்கு முன்னால் அளந்து வைப்பது மேல். இந்த ஆண்டு மாணவர் சங்கம் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாகைமானி என்னிடம் இருக்கிறது. நூல் பிடிக்க நான்கு பேர் வந்தால் போதும்.