கட்டுநாயக்க – மாலே: விமானச் சீட்டு சொல்லாத நேரம்

ஆசிரியர்களாகவும் ஹோட்டல் ஊழியர்களாகவும் நம்மவர்கள் பலர் மாலைதீவுக்குச் செல்கின்றனர். "பக்கத்துத் தீவுதானே, ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம்" என்ற பேச்சை ஊரில் அடிக்கடி கேட்கிறேன். கணிதம் கற்பிப்பவன் என்ற வகையில் அந்த ஒரு மணித்தியாலத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் மாலேயின் வெலானா சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்த்தூரம் சுமார் 780 கிலோமீற்றர். ஜெட் விமானம் உயரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவுதான். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும்போதும், மேலெழும்போதும், தரையிறங்கும்போதும் அந்த வேகம் இருப்பதில்லை. ஆகவே விமான அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கப்படுகிறது.

அப்படியானால் சீட்டில் ஒரு மணித்தியாலம் என்று தெரிவது ஏன்? மாலைதீவு நேரம் நமது நேரத்தைவிட 30 நிமிடங்கள் பிந்தியது. சீட்டில் அந்தந்த நாட்டு நேரமே அச்சிடப்படும். காலை 7.00 மணிக்குப் புறப்படும் விமானம் அங்கு 8.00 மணிக்கு இறங்குவதாகக் காட்டும். திரும்பி வரும்போது 7.00 மணிக்குப் புறப்பட்டால் இங்கு 9.00 மணி. இரண்டும் ஒரே ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான்.

நோன்பு காலத்தில் மாலை நேரம் பயணிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாலே நமக்கு மேற்கே இருப்பதால் அங்கு சூரியன் சுமார் 25 நிமிடங்கள் பிந்தியே மறைகிறது. ஊரில் பாங்கு சொல்லும் நேரத்தைக் கணக்கில் வைத்து விமானத்தில் நோன்பு திறக்க முடியாது.

உண்மையான சிக்கல் தரையிறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் உள்ளது. 2018இல் திறக்கப்பட்ட பாலத்தால் தலைநகர் மாலேக்குச் செல்வது இலகுவாகிவிட்டது. ஆனால் மாலைதீவு வடக்குத் தெற்காகச் சுமார் 870 கிலோமீற்றர் நீண்டது. அதாவது, நாம் பறந்து வந்த தூரத்தைவிடவும் அதிகம். தெற்கே அத்து அட்டோலில் வேலை கிடைத்தவருக்கு மாலேயிலிருந்து இன்னும் 540 கிலோமீற்றர் அளவு மீதமிருக்கிறது. சுற்றுலாத் தீவுகளுக்குச் செல்லும் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்திறங்குபவர் பெரும்பாலும் அன்றிரவு அங்கேயே தங்க நேரிடும். முதல் சம்பளத்தைக் காணாதவருக்கு அந்த ஓர் இரவுச் செலவே பெரும் சுமை.

இந்தப் பக்கத்திலும் அப்படித்தான். கல்முனையிலிருந்து வரும் ஒருவர் விமானத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நேரம் பஸ்ஸில் இருக்கிறார். மூன்று மணித்தியாலங்களுக்கு முன்பே விமான நிலையத்தில் நிற்கவும் வேண்டும்.

எனவே, பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் முகவரிடம் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். எந்தத் தீவில் வேலை? மாலேயிலிருந்து அங்கு எப்படிச் செல்வது? இடையில் தங்க நேர்ந்தால் செலவு யாருடையது? பதில்களை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே சீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.